கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன்: உயிரோட இருக்கும்போதே எடுத்த அஞ்சலி ஆல்பம்

போன எபிசோடை எடிட் பண்ணும்போது என்னோட இருமலை வெட்டினேன், ஒரு தேதியைத் தப்பா சொல்லி திருத்தினதை வெட்டினேன், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை வெட்டினேன். நீங்க கேட்டது ரொம்பத் தெளிவா பேசுற ஒரு ஆளோட குரல். அந்த ஆள் நான் இல்லை!

இதை ஏன் சொல்றேன்னா, இன்னைக்குப் பேசப்போறது ஒரு லைவ் ஆல்பத்தைப் பத்தி. லைவ்னு அட்டையில போட்டிருந்தாலும் அதுலயும் வெட்டல் ஒட்டல் உண்டு. ஒரு பாடகர் இறங்கி அடுத்தவர் ஏறுற இடைவெளி போயிடும். மைக் சரியில்லாத நிமிஷம் போயிடும். எது நிக்குது, எது போகுதுன்னு பார்த்தாலே ஒரு வரலாறு கிடைக்கும்.

ஆல்பத்தோட பேர் 'தி லைஃப் அண்ட் சாங்ஸ் ஆஃப் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன்'. 2016 மார்ச் 16 அன்னைக்கு அமெரிக்காவுல டென்னசி மாநிலத்தோட நாஷ்வில் நகரத்துல, பிரிட்ஜ்ஸ்டோன் அரீனாவுல நடந்த கச்சேரி. சாதாரண நாள்ல ஐஸ் ஹாக்கி நடக்கிற இடம். வில்லி நெல்சன், எமிலூ ஹாரிஸ், ரீபா மெக்கென்டயர், ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர், ரோசான் கேஷ், எரிக் சர்ச், அலிசன் கிராஸ்னு கன்ட்ரி இசையில மூணு தலைமுறை ஆட்கள் வந்து ஒருத்தரோட பாட்டுகளை மட்டும் பாடினாங்க. ஆல்பம் 2017ல வந்துச்சு. அந்த ஒருத்தர், அப்போ 79 வயசு, அதே அரங்கத்துல இருந்தார்.

கன்ட்ரி இசை பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவோட தெற்குப் பகுதி உழைக்கிற மக்கள்கிட்ட இருந்து வந்த பாட்டு. கிடார், ஃபிடில், ஸ்டீல் கிடார், அதுக்கு மேல ஒரு கதை. அந்தக் கதைதான் முக்கியம். அதோட தலைநகரம் நாஷ்வில்.

கிரிஸ்ஸைப் பத்தி முதல்ல தெரிய வேண்டியது, அவரோட பாட்டு பெரும்பாலும் அவர் குரல்ல பிரபலமாகலை. 'மீ அண்ட் பாபி மெக்கீ' கேட்டிருப்பீங்க. அது ஜானிஸ் ஜாப்ளின் பாட்டுன்னு நினைச்சிருப்பீங்க, காலேஜ் முடியற வரைக்கும் நானும் அப்படித்தான். 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்' சாமி ஸ்மித் பாடி ஹிட் ஆச்சு. 'ஃபார் தி குட் டைம்ஸ்' ரே பிரைஸ். 'சண்டே மார்னின் கமின் டவுன்' ஜானி கேஷ். எல்லாம் எழுதினது இவர். சினிமாப் பாட்டுல எழுதுறவர் ஒருத்தர், மெட்டுப் போடுறவர் ஒருத்தர், பாடுறவர் ஒருத்தர்னு நமக்குப் பழக்கம்தான். ஆனா கிரிஸ் வரியும் மெட்டும் ரெண்டும் போட்டுட்டு, பாடுறதுக்கு மட்டும் இன்னொருத்தரைத் தேடி அலைஞ்சவர்.

ஏன் அலையணும்? நாஷ்வில்ல அப்போ ஒரு சிஸ்டம் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. பாட்டு எழுதுறவங்க ஒரு பதிப்பு நிறுவனத்துல சேருவாங்க. எழுதின பாட்டை மலிவா ஒரு டெமோ டேப்ல பதிவாங்க. அந்த டேப் எப்படியாவது ஒரு ஸ்டார் காதுக்குப் போகணும். அவர் பாடி ரெக்கார்டு வித்தா, விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து ஒரு சின்னத் தொகை வரும். 1909ல இருந்தே அமெரிக்கச் சட்டத்துல ஒரு வசதி உண்டு: ஒரு பாட்டு ஒரு தடவை ரெக்கார்டா வெளிவந்துட்டா, அதுக்கப்புறம் யார் வேணாலும் அனுமதி கேட்காமலே தானும் பாடிப் பதிவு பண்ணலாம், நிர்ணயிச்ச தொகையைக் கட்டினாப் போதும். இந்தக் கச்சேரி நடந்த 2016ல அந்தத் தொகை அஞ்சு நிமிஷத்துக்குள்ள இருக்கிற பாட்டுக்கு, பிரதி ஒண்ணுக்கு 9.1 சென்ட். ஒரே பாட்டை நூறு பேர் பாடுற கலாசாரம் அங்கே வளர்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். அஞ்சலி ஆல்பம்ங்கிற வகையே இந்த மண்ணுல முளைச்சதுதான்.

இப்போ கிரிஸ் எங்கிருந்து இதுக்குள்ள வந்தார்னு பாருங்க. 1936 ஜூன் 22, டெக்சாஸ்ல பிரௌன்ஸ்வில். அப்பா அமெரிக்க விமானப்படையில மேஜர் ஜெனரல். பையன் கலிஃபோர்னியாவுல போமோனா காலேஜ்ல இலக்கியம் படிச்சு, ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்ஃபோர்டு போய் வில்லியம் பிளேக் கவிதைகளைப் படிச்சவர். பாக்சிங் வேற. அப்புறம் ராணுவத்துல சேர்ந்து ஹெலிகாப்டர் பைலட், கேப்டன். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற வேலையும் தயாரா இருந்துச்சு. எந்தக் குடும்பமும் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிற மாதிரி ஒரு ரெஸ்யூமே.

1965ல அத்தனையும் விட்டுட்டு நாஷ்வில் போய்ட்டார். கொலம்பியா ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல துப்புரவு வேலை. ஆஷ்ட்ரே காலி பண்றது, தரை துடைக்கிறது. 1966ல பாப் டிலன் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' ஆல்பத்தை அங்கே பதிவு பண்ணினப்போ இவர் அந்தக் கட்டடத்துல வேலை பார்த்துட்டு இருந்தார். அம்மா ஒரு கடிதம் எழுதினாங்க: இனிமே நீ எங்களுக்கு இல்லைன்னு. தலைமுழுகிட்டாங்க.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் நெருடும். நானும் இன்ஜினியரிங் முடிச்சு, பகல்ல கோட் எழுதி, ராத்திரி மைக் முன்னாடி உட்கார்ற ஆள். வேலையை விடலாம்னு வீட்டுல ஒரு தடவை பேச்சை எடுத்தேன். அம்மா ஒண்ணும் சொல்லலை, எழுந்து போய் ஃபிரிட்ஜைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பேச்சு அதோட முடிஞ்சது. அதனால கிரிஸ்ஸோட கதையை "கனவைத் துரத்தினார், ஜெயிச்சார்"னு போஸ்டர் மாதிரி சொல்ல எனக்கு வராது. நாஷ்வில்ல ஸ்டுடியோ தரை துடைச்ச பாட்டெழுத்தாளர்கள்ல பெரும்பாலானவங்க பேர் நமக்குத் தெரியாது.

துப்புரவு வேலையோட இன்னொரு வேலையும் பார்த்தார். லூசியானா பக்கம், மெக்சிகோ வளைகுடாவுல இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர்ல ஆட்களைக் கொண்டுபோய் விடுறது. இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கதை. டேப்பை எத்தனை தடவை கொடுத்தாலும் ஜானி கேஷ் கேட்கலைன்னு, ஒரு நாள் ஹெலிகாப்டரை நேரா கேஷ் வீட்டுப் புல்வெளியில இறக்கிட்டார். கேஷ் இதைச் சொல்லும்போது, கிரிஸ் ஒரு கையில பீர், ஒரு கையில டேப்போட இறங்கி வந்தார்னு சொல்வார். கிரிஸ் பின்னாடி பேட்டிகள்ல சிரிச்சுக்கிட்டே திருத்துவார்: இறங்கினது உண்மை, ஆனா கேஷ் அன்னைக்கு வீட்டுலயே இல்லை, பீரைக் கையில வெச்சுக்கிட்டு ஹெலிகாப்டர் ஓட்டவும் முடியாது. இருந்தாலும் கேஷோட வெர்ஷன்தான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. அதுல எடிட்டிங் நல்லா இருக்கு!

அடுத்து 1970. நாஷ்வில்ல ரைமன் அரங்கம், முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம். அங்கேதான் ஜானி கேஷ் டிவி ஷோ பதிவாகும். கேஷ் 'சண்டே மார்னின் கமின் டவுன்' பாடப்போறார். ஞாயித்துக்கிழமை காலையில, போதை தெளிஞ்சும் தெளியாம, தனியா தெருவுல நடக்கிற ஒருத்தனோட பாட்டு. அதுல போதையைக் குறிக்கிற ஒரு சொல் இருக்கு. டிவி நிறுவனம் அதை மாத்தச் சொல்லுச்சு. கிரிஸ் மாடி வரிசையில உட்கார்ந்திருந்தார். கேஷ் அந்த இடம் வந்ததும் மேலே அவரைப் பார்த்துக்கிட்டே, எழுதின சொல்லை அப்படியே பாடினார். அந்த ரைமன் மேடைப் பதிவுதான் ரெக்கார்டா வந்து கன்ட்ரி பட்டியல்ல முதலிடம் போச்சு. அதாவது கிரிஸ்ஸோட வாழ்க்கையைத் திருப்பின ரெக்கார்டே இன்னொருத்தர் குரல்ல பதிவான ஒரு லைவ் ரெக்கார்டு. அந்த வருஷம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் இந்தப் பாட்டுக்கு விருது கொடுத்துச்சு. போட்டி அமைப்பான அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக், 'ஃபார் தி குட் டைம்ஸ்' பாட்டுக்குக் கொடுத்துச்சு. ஒரே ஆள், ஒரே வருஷம், ரெண்டு அமைப்பு, ரெண்டு பாட்டு.

ஜானிஸ் கதை இன்னும் கனமானது. 'பாபி மெக்கீ'யை முதல்ல பாடினது ரோஜர் மில்லர், 1969ல. ஜானிஸ் 1970 அக்டோபர் 4ல இறந்துபோனாங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் இந்தப் பாட்டைப் பதிவு பண்ணியிருந்தாங்க. கிரிஸ்ஸுக்கும் அவங்களுக்கும் நெருக்கம் உண்டு, ஆனா அவங்க பதிவு பண்ணினதே இவருக்குத் தெரியாது. அவங்க போன பிறகுதான் கேட்டார். 1971ல அது அமெரிக்காவோட நம்பர் ஒன் பாட்டு.

தன் குரலைப் பத்தி இவருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. மான்யுமென்ட் ரெக்கார்ட்ஸ் ஃப்ரெட் ஃபாஸ்டர் இவரைப் பாடச் சொன்னப்போ, நான் தவளை மாதிரி கத்துவேனேன்னு தயங்கினாராம். தவளைதான், ஆனா சொல்ல வந்ததைச் சொல்லிடுற தவளைன்னு ஃபாஸ்டர் சமாளிச்சார். 1970ல வந்த முதல் ஆல்பம் அப்போ சரியா விக்கலை. ஜானிஸோட ஹிட்டுக்கு அப்புறம் பேரை 'மீ அண்ட் பாபி மெக்கீ'ன்னு மாத்தி மறுபடியும் வெளியிட்டாங்க.

நடுவுல சினிமா நடிகரானது, 1976ல பார்பரா ஸ்ட்ரெய்சண்டோட 'எ ஸ்டார் இஸ் பார்ன்', கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸோட சேர்ந்து 'ஹைவேமென்' குழு, இதெல்லாம் தனி எபிசோடுக்கான சரக்கு, தாண்டிடுறேன். ஒரே ஒரு ராத்திரியை மட்டும் தாண்ட முடியாது. 1992 அக்டோபர் 16.

நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பாப் டிலன் ரெக்கார்டு போட ஆரம்பிச்சு 30 வருஷம் ஆனதுக்கு ஒரு அஞ்சலிக் கச்சேரி. இதுவும் அதே வகைதான்: நட்சத்திரங்கள் வரிசையா வந்து ஒருத்தர் பாட்டைப் பாடுவாங்க, ஆல்பமா வரும். அயர்லாந்து பாடகி சினேட் ஓ'கானர், 25 வயசு. ரெண்டு வாரம் முன்னாடி டிவி நேரலையில போப்பாண்டவர் படத்தைக் கிழிச்சிருந்தாங்க, சர்ச்சுக்குள்ள குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைக் கண்டிச்சு. அவங்களை மேடைக்கு அறிமுகப்படுத்தினவர் கிரிஸ். அவங்க வந்து நின்னதும் கூட்டத்துல பாதி கூச்சல் போட்டுச்சு. கைதட்டலும் இருந்துச்சு, ரெண்டும் கலந்து பாட முடியாத அளவு சத்தம். அவங்களை மேடையில இருந்து இறக்கிக் கூட்டிட்டு வரச் சொல்லி கிரிஸ்ஸை அனுப்பினாங்க. அவர் போனார். ஆனா கூட்டிட்டு வரலை. காதுகிட்ட குனிஞ்சு, இவங்களுக்கெல்லாம் மனசு தளர்ந்துடாதேங்கிற அர்த்தத்துல சொல்லிட்டு வந்தார். சினேட் பாட வந்தது ஒரு டிலன் பாட்டு. அதை விட்டுட்டு, டிவியில பாடின பாப் மார்லியோட 'வார்' பாட்டை இசைக்கருவி எதுவும் இல்லாம கத்திப் பாடிட்டு இறங்கினாங்க. ஓரத்துல நின்ன கிரிஸ் கட்டிப்பிடிச்சுக்கிட்டார்.

1993ல அந்தக் கச்சேரி ஆல்பமா வந்தப்போ சினேட் அதுல இல்லை. அந்த ராத்திரியைப் பத்தி இன்னைக்கும் எல்லாரும் பேசுற அந்த நிமிஷம், அதோட அதிகாரபூர்வ ரெக்கார்டுல கிடையாது. 2014 மறுபதிப்புல ஒரு ட்ராக் சேர்த்தாங்க: அவங்க பாட வேண்டியிருந்த டிலன் பாட்டு, ஒத்திகையில பதிவானது. கூச்சல் இல்லாத ரூம்ல பாடினது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோபமும் வரும், நல்லாப் பாடியிருக்காங்களேன்னும் தோணும். கிரிஸ் தன் வழியில அந்த இடத்தை நிரப்பினார். 2009ல வந்த 'க்ளோசர் டு தி போன்' ஆல்பத்துல 'சிஸ்டர் சினேட்'னு ஒரு பாட்டே வெச்சார்.

இந்தப் பின்னணியோட இப்போ 2016 மேடைக்குத் திரும்பி வாங்க. அந்த அரீனாவுல இருந்து ரைமன் கூப்பிடு தூரம். அவர் தரை துடைச்ச ஸ்டுடியோ ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள. ஹைவேமென் நாலு பேர்ல வேலன் 2002ல போயாச்சு, கேஷ் 2003ல. மேடையில மிச்சம் வில்லி மட்டும். கேஷுக்குப் பதிலா அவர் பொண்ணு ரோசான். 'டு பீட் தி டெவில்' பாட்டை எரிக் சர்ச் பாடுறார். கையில காசில்லாத ஒரு பாட்டெழுத்தாளன் பசியோட ஒரு பாருக்குள்ள நுழையற கதை அது, கிரிஸ்ஸோட ஆரம்பகால நாஷ்வில். அதை ஒரு சூப்பர் ஸ்டார் ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி பாட, எழுதினவர் உட்கார்ந்து கேட்கிறார். 'பாபி மெக்கீ' ரீபா குரல்ல. சுத்தமான குரல், நல்ல பேண்டு. ஆனா ஜானிஸைக் கேட்டுப் பழகின என் காது கொஞ்சம் அழுக்கு கேட்குது, அது ரீபாவோட தப்பில்லை. ரெண்டு சிடி நீளத்துக்கு இவ்வளவு பேர் வரும்போது சில பாட்டு கடமைக்குப் பாடின மாதிரியும் இருக்கும். அதையும் சொல்லிடணும்.

அந்தச் சமயத்துல கிரிஸ்ஸுக்கு என்ன ஆகியிருந்துச்சுன்னு ஆல்பம் அட்டை சொல்லாது. பல வருஷமா அவருக்கு ஞாபகம் போயிட்டு இருந்துச்சு. டாக்டர்கள் அல்சைமர்ஸா இருக்கும், பாக்சிங்லயும் ஃபுட்பால்லயும் தலையில வாங்கின அடியா இருக்கும்னு நினைச்சாங்க, மருந்தும் கொடுத்தாங்க. 2016ல ஒரு டாக்டர் லைம் நோய் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தார். உண்ணி கடிச்சு வர்ற பாக்டீரியா நோய் அது. இருக்குன்னு வந்துச்சு. பழைய மருந்துகளை நிறுத்தி அதுக்குச் சிகிச்சை எடுத்ததும் தெளிவு நல்லாவே திரும்பினதா அவர் மனைவி ஊடகங்கள்கிட்ட சொன்னாங்க. செய்தி வெளியில வந்தப்போ கச்சேரி நடந்து சில மாசம் ஆகியிருந்துச்சு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஆல்பத்தைக் கேட்டா வேற மாதிரி கேட்கும். பொதுவா இந்த மாதிரிக் கச்சேரியில, பாட்டை மறந்துபோன ரசிகர்களுக்கு ஞாபகப்படுத்துறதா நினைப்போம். இங்கே எழுதினவருக்கே ஞாபகம் நழுவிட்டு இருந்த காலம். ஆனா அவரோட பாட்டுகள் எப்பவுமே அவர்கிட்ட மட்டும் இருந்ததில்லை. ரே பிரைஸ்கிட்ட ஒண்ணு, கேஷ்கிட்ட ஒண்ணு, ஜானிஸ்கிட்ட ஒண்ணுன்னு 1969ல இருந்தே பிரிச்சுக் கொடுத்து வெச்சிருந்தார். நான் பார்க்கிற வேலையில இதுக்கு ஒரு சொல் இருக்கு, பேக்கப். ஒரே சர்வர்ல வெச்சிருந்தா அது போனா எல்லாம் போச்சு. நாஷ்வில் சிஸ்டம் இதைப் பாசத்துல பண்ணலை, 9.1 சென்ட் கணக்குல பண்ணுச்சு. இருந்தாலும் அன்னைக்கு ராத்திரி அத்தனை பேக்கப்பும் ஒரே மேடைக்கு வந்துச்சு. அவரும் அதே தவளைக் குரல்ல பாடினார்.

உயிரோட இருக்கும்போதே எடுத்ததுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்டா, மெர்ல் ஹாகார்ட் பக்கம் பாருங்க. கிரிஸ் கச்சேரி நடந்து மூணே வாரத்துல, 2016 ஏப்ரல் 6 அன்னைக்கு, தன்னோட 79வது பிறந்த நாள்ல ஹாகார்ட் இறந்தார். சரியா ஒரு வருஷம் கழிச்சு அவருக்கு அஞ்சலிக் கச்சேரி. அதே பிரிட்ஜ்ஸ்டோன் அரீனா, நடத்தினதும் அதே பிளாக்பேர்ட் பிரசன்ட்ஸ். அதுவும் ஆல்பமா வந்துச்சு, 'சிங் மீ பேக் ஹோம்'னு, 2020ல. பாடினதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அங்கே எல்லாரும் ரசிகர்களைப் பார்த்துப் பாடுறாங்க. கிரிஸ் கச்சேரியில அவரைப் பார்த்துப் பாடுறாங்க.

கிரிஸ் அதுக்கப்புறமும் சில வருஷம் ஊர் ஊரா பாடினார். 2021ல ஓய்வு அறிவிப்பு வந்துச்சு. 2023 ஏப்ரல்ல வில்லி நெல்சனோட 90வது பிறந்த நாளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஹாலிவுட் பௌல்ல கச்சேரி. ஓய்வுல இருந்தவர், 86 வயசுல, அதுக்கு மட்டும் வந்தார். ரோசான் கேஷ் கூட நிக்க, தன்னோட 'லவிங் ஹெர் வாஸ் ஈசியர்' பாட்டைப் பாடினார். அந்தக் கச்சேரியும் அதே வருஷம் டிசம்பர்ல லைவ் ஆல்பமா வந்துச்சு. அவரோட கடைசி மேடைகள்ல ஒண்ணு, இன்னொருத்தருக்கான அஞ்சலி ஆல்பத்துக்குள்ள இருக்கு. 2024 செப்டம்பர் 28, ஹவாயில மாவி தீவுல, வீட்டுல இறந்தார். 88 வயசு.

கேட்க ஆரம்பிக்கிறவங்களுக்கு என் வரிசை இது. முதல்ல ஜானி கேஷோட 1970 ரைமன் பதிவு. அடுத்து கிரிஸ்ஸே பாடின முதல் ஆல்பம், குரலைப் பார்த்து பயப்படாதீங்க. அப்புறம் 2016 கச்சேரி, ஷஃபிள் போடாம. கடைசியா அந்த ஹாலிவுட் பௌல் பாட்டு, ஹெட்ஃபோன்ல. முடிஞ்சதும் உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க, கைதட்டலையும் கேளுங்க, அதை வெட்டலை.